எட்டுக் கட்டத்துக்குள் ஓர் எழுத்து

1985 மாரிகாலம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாமல் இலண்டனில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நான், ஒரு மாலை வகுப்பில் முதன்முதலாகக் கணனியைத் தொட்டேன். அது 'பிபிசி மைக்ரோ'.

கணனி அறிவைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் திட்டமொன்றுக்காகப் பிபிசி, கேம்பிரிட்ஜின் ஏக்கோர்ன் நிறுவனத்தைத் தெரிவுசெய்தது. 1981 டிசம்பரில் இயந்திரம் வெளிவந்தது. 1982 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடர் ஆரம்பித்தது. பாடசாலைகள் கணனி வாங்கும் செலவில் பாதியை அரசு ஏற்றது. உள்ளே இருந்தது 6502 என்னும் சில்லு. 1975 இல் அது 25 டொலருக்கு விற்பனைக்கு வந்தபோது, இன்டெல், மோட்டொரோலா நிறுவனங்களின் நிகரான சில்லுகள் நூற்றுக்கணக்கான டொலர் விலையில் இருந்தன. கணனி சாதாரண மனிதரின் மேசைக்கு வந்ததில் இந்த விலைவீழ்ச்சிக்குப் பெரும் பங்குண்டு.

மலிவு மட்டுமல்ல, அந்த இயந்திரம் தன்னை ஒளித்துவைக்கவுமில்லை. ஆளியைப் போட்டதும் நிரல் எழுதலாம். வெளிக்கருவிகளை இணைக்க அடிப்புறத்தில் ஓர் இடம் இருந்தது. அதில் எட்டுச் சிறு விளக்குகளைப் பொருத்தினோம். அதற்குரிய முகவரியில் 1 என்று எழுதினால் ஓரத்து விளக்கு மட்டும் எரியும். 129 என்றால் இரண்டு ஓரங்களும் எரியும். இலக்கம் மின்சாரமாவதை அன்று கண்ணால் கண்டேன்.

எழுத்தும் அப்படித்தான். எட்டுக்கு எட்டுக் கட்டம். வரிசைக்கு ஓர் இலக்கம். 128 ஐ ஏழு தடவையும் 255 ஐ ஒரு தடவையும் கொடுத்தேன். திரையில் 'ட' நின்றது. 'ண' வின் சுழிகள் கட்டத்துள் அடங்க மறுத்தன. ஆங்கிலத்தை வைத்து அளந்த கட்டம் அது. அளவுகளை யாரோ தீர்மானிக்கிறார்கள் என்பதை நான் கற்றது அங்கேதான்.

ஏக்கோர்னின் சோஃபி வில்சனும் ஸ்ரீவ் ஃபேர்பரும் வடிவமைத்த புதிய சில்லு 1985 ஏப்ரலில் இயங்கியது. அதன் வழிவந்தவையே இன்று பெரும்பாலான கைபேசிகளில் உள்ளன. ஆயினும் தொண்ணூறுகளில் பிரித்தானியப் பாடசாலைகள், கணனியை உருவாக்குவதை விட்டுப் பாவிப்பதைக் கற்பிக்கத் தொடங்கின. நாமும் அதையே செய்தோம். எம்மவர்களுக்கான வகுப்பொன்றில் நானே கடிதம் தட்டவும் அட்டவணை நிரப்பவும் காட்டிக்கொடுத்தேன். பலருக்கு வேலை கிடைத்தது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் விளக்குகளை ஒருவருக்கும் காட்டவில்லை.

அக்காலத்தில் எமது சஞ்சிகைகள் ஆளுக்கொரு எழுத்துருவில் வந்தன. ஒருவர் தட்டியது மற்றவர் கணனியில் குப்பையாகத் தெரிந்தது. 1991 இல் யுனிகோட்டின் முதற்பதிப்பு, இந்தியாவின் 'இஸ்கி' நியமத்தைத் தழுவித் தமிழுக்கு இடம் வகுத்தது. எம்மிற் பலர் அதை அறிந்ததே பல ஆண்டுகளின் பின்னர்தான். மொழியுரிமை பற்றி மேடைமேடையாகப் பேசிய நாம், மொழிக்கு இலக்கமிடப்பட்ட இடத்தில் இருக்கவில்லை.

பிரித்தானியா தன் தவறை உணர்ந்தது. 2012 ஜனவரியில் றோயல் சொசைற்றி எச்சரித்தது; பெப்ரவரியில் மலிவான 'ராஸ்பெரி பை' கணனி வந்தது; 2014 செப்டெம்பரில் இங்கிலாந்தின் பாடத்திட்டம் மாறியது. எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் பேச்சுப்போட்டி நடக்கிறது, நடக்கட்டும். பக்கத்து அறையில் எட்டு விளக்குகளும் எரியட்டும் என்கிறேன். மறுப்பவர்கள் எழுதுங்கள்.