நான்கு பக்கக் கட்டுரையும் நம்ம போட்டோவும்

அரசு வேலை விண்ணப்பம் என்றால் போட்டோ ஜேபெக் வடிவில், 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். நசரத்பேட்டை பிரவுசிங் சென்டர்களில் இந்தக் கணக்கு மனப்பாடம். அந்த ஜேபெக்கின் அஸ்திவாரத்தில் நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்த ஒருவரின் கையும் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது.

பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சாஸில் பேராசிரியராக இருந்தார். படங்களைச் சுருக்க ஒரு கணித உத்தி தோன்றி, 1972-ல் அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. "ரொம்ப எளிமையாக இருக்கிறதே" என்கிற மாதிரி ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தாராம்! மனிதர் விடவில்லை. தன் மாணவர் டி.நடராஜன், 1952-ல் கிண்டியில் பட்டம் பெற்ற கே.ஆர்.ராவ் இருவரோடும் சேர்ந்து முடித்தார். 1974 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. மொத்தம் நான்கே பக்கம்.

சரி, அப்படி என்ன வித்தை? படத்தை 8க்கு 8 புள்ளிக் கோலம் போலச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் 64 புள்ளிகளையும் வேறு 64 எண்களாக மாற்றுகிறது இந்த டிசிடி. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். மற்றவை போகப்போக நுணுக்கமான மாற்றங்கள். நுணுக்கங்களில் பலவற்றை நம் கண் கவனிப்பதே இல்லை, அதனால் அவற்றைப் பூஜ்யமாக்கிவிடலாம். பூஜ்யங்களை எழுதி வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? அவ்வளவுதான் ரகசியம். 1992-ல் ஜேபெக் தரம் இதை வைத்தே வந்தது.

அப்புறம் வந்தவை வெப்பி (2010), ஆப்பிள் 2017-ல் ஐபோனில் கொண்டுவந்த ஹெச்இஐசி, ஏவிஐஎஃப் (2019). மூன்றும் வீடியோ சுருக்கும் முறைகளிலிருந்து பிறந்தவை, மூன்றுக்குள்ளும் டிசிடியின் வாரிசுகள்தான் இருக்கின்றன. இதில் ஹெச்இஐசிக்குக் காப்புரிமைக் கட்டணத் தகராறு. அதனால் பல பிரௌசர்கள் அதைச் சேர்க்கவே இல்லை. இலவசமாக இருக்கட்டும் என்று உருவானதுதான் ஏவிஐஎஃப்.

இது வெறும் கம்பெனிச் சண்டை என்று நினைக்க வேண்டாம். 2020 மே மாதம், கொரோனா காரணமாக அமெரிக்காவில் ஏபி தேர்வுகள் ஆன்லைனில் நடந்தன. விடைத்தாளை ஐபோனில் படமெடுத்த மாணவர்கள் சிலருக்கு அது ஹெச்இஐசி கோப்பாகப் போய், தளம் ஏற்கவில்லை. எழுதி முடித்த பரீட்சையை ஜூனில் மறுபடி எழுத வேண்டிய நிலை! கோப்பின் பெயரில் '.ஜேபிஜி' என்று மாற்றிப் போட்டவர்களும் உண்டு. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறுமா?

புரோகிராம் எழுதுகிறவர்கள் அந்தப் பெயரை நம்பக் கூடாது. கோப்பின் முதல் சில பைட்டுகளிலேயே வடிவத்தின் அடையாளம் இருக்கும். அதைப் படித்து, ஹெச்இஐசி என்றால் சர்வரிலேயே ஜேபெக்காக மாற்றிக்கொள்ளலாம். முடியாவிட்டால், "இந்த வடிவம் ஏற்கப்படாது" என்று நேரம் முடிவதற்குள் மாணவரிடம் சொல்லிவிடலாம்.