பற்களைக் காத்த குர்துபா மேதை

நீரிழிவு கண்டவர்க்குப் பல் ஆடத் தொடங்கினால், பிடுங்கி எறிவதே வழியென நம்மில் பலர் கருதுகின்றனர். பல்லைப் பிடுங்கும் அவசரத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டித்த ஒருவரை நாம் இங்கு நினைவுகூர்கிறோம். அவரே அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் 936-ஆம் ஆண்டளவில் பிறந்த இம்மேதை, 'அத்தஸ்ரீஃப்' என்னும் தம் பெருநூலின் 30-ஆம் பாகத்தை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கினார். பல்வலிக்கு எல்லா மருத்துவமும் பார்த்த பின்னரே பிடுங்க வேண்டும் என்றும், வலியால் மயங்கி நோயற்ற பல்லை இழப்போர் உண்டு என்றும் அதில் எச்சரிக்கிறார். பற்காரை ஈறுகளைக் கெடுக்கும் என்றுரைத்து, அதனைச் சுரண்டும் கருவிகளை வரைந்து காட்டுகிறார். ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறையையும் விளக்குகிறார்.

இன்றைய மருத்துவமும் பல்லைக் காப்பதையே முதற்கடனாகக் கொள்கிறது. குருதியில் சர்க்கரை மிகுந்தால் ஈறுநோய் முற்றி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைத்த பின்னும் வேர்நுனிப் புண் ஆறத் தாமதமாகலாம். ஈறுநோயோ சர்க்கரையை அடக்குவதைக் கடினமாக்குகிறது. ஆகவே நீரிழிவாளர் வேர்ச்சிகிச்சைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. நோயை மருத்துவரிடம் மறைக்காது கூறி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, காரையையும் அகற்றி வருவாராயின், காக்கக்கூடிய பல்லை வீணே இழக்க நேராது.