மண்ணும் வானிலையும் வகுத்த எல்லைகள்

பிரான்சு நாட்டின் திராட்சத் தோட்டங்கள் நாடெங்கும் சீராகப் பரவியிருக்கவில்லை. சில பகுதிகளில் அவை கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்க, அண்டைப் பகுதிகளில் மருந்துக்கும் காணப்படுவதில்லை. இவ்வெல்லைகளை வகுத்தது மண்ணா, வானிலையா, மனிதனா? அந்நாட்டு வரலாற்றில் இதற்கு விடை காண முயல்வோம்.

திராட்சைக்கு வளம்மிக்க நிலம் தேவையில்லை. நீர் தேங்காத நிலமே தேவை. தென்மேற்கிலுள்ள போர்தோ பகுதியில் அட்லாண்டிக் கடற்காற்று குளிரைத் தணிக்கிறது. ஆனால் மழையையும் கொணர்கிறது. அங்கே கூழாங்கல் மேடுகள் மழைநீரை விரைந்து வடித்துவிடுகின்றன. வடகிழக்கிலுள்ள ஷாம்பெயின் பகுதியோ குளிர்மிக்கது. அதன் வெண்சுண்ணாம்புப் பாறை மிகுந்த நீரைக் கீழே இறக்கி, வறண்ட நாட்களில் வேர்களுக்குச் சிறிது சிறிதாக அளிக்கிறது. கிழக்கெல்லையிலுள்ள அல்சாஸ், மேற்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலைத்தொடர் தடுப்பதால் வெயிலைப் பெறுகிறது.

ஆயினும் இயற்கை தந்த வாய்ப்பைக் கண்டறிய மனிதன் தேவைப்பட்டான். இதற்குப் பர்கண்டி சிறந்த சான்றாகும். டிஜோன் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சரிவு காலை வெயிலை எதிர்நோக்கி நிற்கிறது. அதன் உச்சியில் மண் மெலிந்தது. அடிவாரத்தில் ஈரக் களிமண் கனத்தது. சுண்ணாம்புக்கல்லும் களியும் அளவாய்க் கலந்த நடுச்சரிவே மேலானது. 1098 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சீட்டோ மடத்தின் துறவியர், அடுத்த நூற்றாண்டில் அருகிலிருந்த வூஜோவில் நிலங்களைப் பெற்றுத் தோட்டமாக்கினர். காலப்போக்கில் ஏறத்தாழ 50 எக்டேர் நிலம் ஒரே மதிலுக்குள் அடங்கிற்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது அது மடத்தின் கையை விட்டுப் போயிற்று. மதிலோ இன்றும் நிற்கிறது.

1395 இல் பர்கண்டியின் கோமகன் பிலிப்பு, கமே எனும் திராட்சை வகையைப் பிடுங்கியெறியக் கட்டளையிட்டான். அது மிகுந்த விளைச்சல் தந்தமையால் உழவர் அதனை விரும்பினர். ஆனால் அதன் ரசம் தரம் குன்றியதென்று அவன் கருதினான். அதே கமே, தெற்கே பியோஜொலேயின் கருங்கல் மண்ணில் சிறந்து விளைந்து, அப்பகுதிக்கே பெயர் ஈட்டித் தந்தது. ஓரிடத்தில் தள்ளப்பட்டது மற்றோரிடத்தில் தனக்குரிய மண்ணைக் கண்டதென்பது நம் சிந்தனைக்குரியது.

நூற்றாண்டுகளாய்த் திரண்ட இவ்வனுபவத்திற்கு 1935 ஆம் ஆண்டுச் சட்டம் உறுதியான வடிவம் தந்தது. அதன்படி ஊரின் பெயரைத் தாங்கும் ரசம், வரையறுக்கப்பட்ட நிலத்தில், குறிக்கப்பட்ட வகையிலிருந்தே உண்டாக வேண்டும்.

ஆனால் மண் அசையாதிருக்க, வானிலை அசைகிறது. பர்கண்டியைச் சேர்ந்த போன் நகரில் 1354 முதல் 2018 வரையிலான அறுவடைத் தொடக்க நாட்களை ஆய்வாளர் தொகுத்துள்ளனர். 1987 வரை அறுவடை சராசரியாகச் செப்டம்பர் 28 இல் தொடங்கிற்று. 1988 முதல் 13 நாட்கள் முந்திவிட்டது. வெப்பம் மிகுந்தால் பழத்தில் இனிப்பு ஏறிப் புளிப்புக் குறைகிறது. முன்னோர் ஆய்ந்து தேர்ந்த வகையும் நிலமும் முன்போல் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்ற வினா எழுகிறது.

எனவே மண், வானிலை, மனித உழைப்பு ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்பாடே அவ்வெல்லைகள் எனலாம். முன்னோர் எழுப்பிய மதிலைக் காப்பதோடு நம் கடமை முடிவதில்லை. அதனை எங்கே எழுப்புவதென்று தீர்மானிக்க, நிலத்தையும் பருவத்தையும் அவர்கள் எத்துணைப் பொறுமையோடு கவனித்தனரோ, அப்பொறுமையையும் நாம் காத்தல் வேண்டும்.