சுரங்கப்பாதை வெடிப்புச் சுமை

சுரங்கப்பாதைக்குள் நிகழும் வெடிப்பு அதன் சுவர், கூரை, தளம், குறுக்குத் தடுப்புகள் மீது செலுத்தும் அழுத்தம் இப்பெயரால் குறிக்கப்படும். திறந்தவெளியில் வெடிப்பலை எல்லாத் திசையிலும் விரிந்து விரைவில் தளர்ந்துவிடும். சுரங்கப்பாதையில் அதற்கு முன்னும் பின்னும் தவிர வேறு வழியில்லை. சுவரின் சொரசொரப்பும் வளைவுகளும் கிளைப்பாதைகளும் குறைக்கும் அளவே குறைந்து, அலை நெடுந்தொலைவு ஓடுகிறது.

இவ்வறிவு நிலக்கரித் தொழிலாளர்களின் உயிரை விலையாகக் கொண்டு வந்தது. 1844 செப்டம்பர் 28 அன்று இங்கிலாந்தின் ஹாஸ்வெல் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 95 பேர் இறந்தனர். ஆராய அனுப்பப்பட்ட மைக்கேல் பாரடேயும் நிலவியலாளர் சார்லஸ் லயலும், மீத்தேனுடன் கரித்தூளும் எரிந்து வெடிப்பைப் பெருக்கியது என்று தெளிவாக எழுதினர். சுரங்கத் துறை அதைப் பல பத்தாண்டுகள் பொருட்படுத்தவில்லை. 1870களில் வில்லியம் கேலோவே அதையே சோதனைகளால் வலியுறுத்தியும் எதிர்ப்பு ஓயவில்லை. 1906 மார்ச் 10 அன்று வட பிரான்சின் கூரியேர் சுரங்கங்களில் 1,099 பேர் மடிந்த பின்னரே ஐயம் நீங்கியது. பிரான்சில் லியேவேனில் பொறியாளர் டஃபனெல் சோதனைக் கூடம் அமைத்தார். இங்கிலாந்தின் ஆல்டாஃப்ட்ஸில் வில்லியம் கார்ஃபொர்த் 1908இல் பழைய கொதிகலன் உருளைகளை இணைத்துச் செயற்கைச் சுரங்கமே கட்டினார். இச்சோதனைகள் காட்டியது இது: முன்னோடும் அழுத்த அலை படிந்த தூளைக் கிளப்புகிறது. பின்வரும் சுடர் அதை எரிக்கிறது. அந்த எரிதல் அலைக்கு வலுவூட்டுகிறது. ஆகவே தூள் வெடிப்பு தொலைவு செல்லச் செல்லப் பெருகவும் கூடும். கரித்தூளோடு கல்தூளைக் கலந்தால் சுடர் அணையும் என்று கார்ஃபொர்த் காட்டியது சுரங்க வரலாற்றின் பெரிய உயிர்காப்புகளில் ஒன்று.

கட்டமைப்பின் மீது விழும் சுமை இடத்துக்கிடம் மாறும். பக்கச் சுவரை உரசிச் செல்லும் அலையின் அழுத்தம் சுவர் மீது அப்படியே படிகிறது. பாதைக்குக் குறுக்கே நிற்கும் சுவரில் நேராக மோதித் திரும்பும்போது அது குறைந்தது இருமடங்காகிறது; வலிய அதிர்ச்சி அலையாயின் எட்டு மடங்கை நெருங்கும். அலை கடந்த பின்னும் சூடான வாயுவின் அழுத்தம் நீடிக்கிறது. சுவர் அசைந்து திரும்பும் காலத்தைவிட அழுத்தம் மிகக் குறுகியதாயின் மொத்த உந்தமே சேதத்தைத் தீர்மானிக்கும். நீண்டதாயின் உச்ச அழுத்தமே தீர்மானிக்கும். திடீரென விழுந்து நிற்கும் சுமை, மெல்ல ஏற்றிய அதே சுமையைப் போல் இருமடங்கு வளைவைத் தரும். பாறையோடு ஒட்டிய கான்கிரீட் உறை நன்கு தாங்கும். ஒருபுறம் மட்டும் அழுத்தப்படும் தொங்குகூரையும் இடைச்சுவரும் முதலில் உடையும். பாறைக்குள் புகும் அலை அருகிலுள்ள வேறொரு பாதையின் வெற்றுப் பரப்பை எட்டினால், இழுவிசையாகத் திரும்பி அங்கே கற்களைப் பெயர்த்தெறியும்.

குறுக்குச் சுவரின் கதியை அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் சேகோ சுரங்கம் காட்டியது. கைவிட்ட பகுதியை மூட அங்கு எழுப்பியிருந்த இலகு சிமென்ட் கட்டிச் சுவர்கள் 138 கிலோபாஸ்கல் தாங்கினால் போதும் என்பது அன்றைய விதி. 2006 ஜனவரி 2 அன்று உள்ளே தேங்கிய மீத்தேன், மின்னலால் என்று கருதப்படும் வகையில், வெடித்து, பத்துச் சுவர்களையும் தகர்த்தது. 12 பேர் கார்பன் மோனாக்சைடால் இறந்தனர். 2008 விதிகள் உள்வாயு கண்காணிக்கப்படும் இடத்துக்கு 345, கண்காணிப்பற்ற இடத்துக்கு 827 கிலோபாஸ்கல் என்று வரம்பை உயர்த்தின. 138 என்ற அளவு தொடக்கம் முதலே போதாதது.

இன்றைய மெட்ரோ, சாலைச் சுரங்கங்களுக்கு இச்சுமை கணினி வழியே கணிக்கப்படுகிறது.