1994: கலேவலாவின் இரு மறுபிறப்புகள்

எலியாஸ் லொண்ரொத் நாட்டார் பாடல்களைத் திரட்டித் தொகுத்த ஃபின்லாந்துக் காப்பியம் கலேவலா. 1849இல் வெளிவந்த அதன் விரிந்த வடிவம் 50 பாடல்களும் 22,795 அடிகளும் உடையது. அடிக்குப் பெரும்பாலும் எட்டு அசைகள். நம் மோனையை ஒத்த முதலொலி ஒன்றுதல். ஒரு கருத்தை அடுத்த அடியில் வேறு சொற்களால் மீளக் கூறுதல். இவையே அதன் யாப்பு.

1994இல் அக்காப்பியம் இரு புதிய உருவங்கள் எடுத்தது. ஈழத்து எழுத்தாளர் உதயணன் (இரா. சிவலிங்கம்) செய்த தமிழ்ச் செய்யுளாக்கம் நூலாக வெளிவந்தது. ஹெல்சிங்கியின் அமார்ஃபிஸ் குழுவினரோ அதனை அடியொற்றிய ஆங்கில வரிகளுடன் 'டேல்ஸ் ஃப்ரம் தி தௌசண்ட் லேக்ஸ்' என்னும் டெத் மெட்டல் இசைத்தொகுப்பை வெளியிட்டனர்.

நான் மீண்டும் மீண்டும் கேட்கும் மெட்டல் தொகுப்பு இதுவே. இதிலுள்ள 'பிளாக் வின்டர் டே' காப்பியத்தின் மணப்பெண் புலம்பலிலிருந்து பிறந்தது. பிறந்தகம் பிரியும் பெண்ணின் துயரை ஓர் ஆணின் உறுமற்குரல் பாடுகிறது. ஆங்கிலத்தில் மூல யாப்பு இல்லை. உறுமலில் சொற்களும் தெளிவாக இல்லை. ஆயினும் துயரம் குன்றவில்லை. கீபோர்டும் கிதாரும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப இசைத்து அதனைச் சுமக்கின்றன; அடிதோறும் மீளக் கூறும் பழைய உத்தி இசையில் உயிர்பெறுகிறது.

மொழியியல் மாணவர்களாகிய நாம் பெயர்ப்பில் இழந்த சொற்களை எண்ணிப் பழகியவர்கள். ஆனால், வாய்மொழிப் பாடல் ஏடேறிய அன்றே தன் குரலை இழந்துவிட்டது. லொண்ரொத்தின் ஏடு யாப்பைக் காத்தது. அமார்ஃபிஸ் யாப்பைக் கைவிட்டு அதற்கு மீண்டும் ஒரு குரலைத் தந்தனர். எப்பெயர்ப்பு மூலத்திற்கு நெருக்கமானது என்பதற்கு ஏடுகளை மட்டும் ஒப்பிட்டு விடை காண இயலாது; செவியும் சான்று கூற வேண்டும்.