பதின்மூவர் கூடிச் செய்த கொலைக்கதை

பலர் கூடி ஒரே நாவலை எழுதும் விநோத வழக்கத்தில் துப்பறியும் கதைக்கென்று ஒரு விசேஷ சங்கடம் உண்டு. குடும்பக் கதையை ஒருவர் எந்த இடத்தில் விட்டாலும் அடுத்தவர் எடுத்து நடத்திவிடலாம்; கொலைக்கதையிலோ, முதல் அத்தியாயத்தில் சவத்தைக் கிடத்தியவர் மனத்திலிருந்த கொலையாளி ஒருவனாகவும் ஐந்தாம் அத்தியாயக்காரர் சந்தேகிப்பவன் வேறொருவனாகவும் போய், அத்தனை பேருடைய தடயங்களும் கடைசியில் அகப்பட்டுக்கொள்பவர் தலையில் வந்து விழும்.

லண்டன் நகரத்துத் துப்பறியும் கதாசிரியர்களின் சங்கமான டிடெக்‌ஷன் கிளப்பினர், 1931ல் 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்ற நாவலை எழுதப் புகுந்தபோது, இச்சங்கடத்தை நியமத்தால் வெல்ல முயன்றார்கள். முன்னவர் கருத்து இன்னதென்று அறியாமலே கதையைத் தொடர வேண்டிய ஒவ்வொருவரும், தமக்கென ஒரு தீர்வை நிச்சயித்துக்கொண்டு, அதை எழுதியும் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அகதா கிறிஸ்டியும் டாரதி சேயர்ஸும் இருந்த அந்தக் கூட்டத்தில், முகவுரைக் காட்சியைச் செஸ்டர்டன் எல்லாருக்கும் பின்னால் எழுதினார் என்பதும், கதையை முடித்துவைக்கும் பொறுப்பேற்ற ஆண்டனி பெர்க்லி தம் அத்தியாயத்துக்குக் குப்பையைக் கூட்டுதல் என்று பொருள்படத் தலைப்பிட்டார் என்பதும் ரசமான செய்திகள். ஆயினும் என் அபிப்பிராயத்தில், அந்நூலில் சாமர்த்தியம் மிகுதி, சிரிப்புக் குறைவு.

சிரிப்பு அட்லாண்டிக்குக்கு அப்பால்தான் பிறந்தது. கீழ்த்தரமாக எழுதினால் புத்தகம் விற்கும் என்று நிரூபிக்க எண்ணிய நியூஸ்டே பத்திரிகையின் மைக் மக்ரேடி, சுமார் இருபத்து நான்கு சகாக்களைக் கொண்டு, பெனலோப்பி ஆஷ் என்ற கற்பனைப் பெண்மணியின் பெயரில் 1969ல் வெளியிட்ட 'நேக்கட் கேம் த ஸ்ட்ரேஞ்சர்' உண்மையாகவே விற்றுத் தீர்ந்தது. தப்பித்தவறி நன்றாக எழுதப்பட்ட பகுதிகளைத் திருத்திக் கெடுக்க வேண்டியிருந்ததாம்!

அந்தத் தலைப்பையே பரிகசித்து, மியாமி ஹெரால்ட் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் தொடராக வந்து, 1996ல் நூலுருவம் பெற்றது 'நேக்கட் கேம் த மானட்டீ'. ஃப்ளாரிடா எழுத்தாளர் பதின்மூவர் எழுதிய இதன் நாயகன், பூகர் என்ற நாமதேயம் பூண்ட ஒரு கடற்பசு; பாக் நீரிணையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் பிராணிக்குத் தூரத்து உறவு. நகைச்சுவையாளர் டேவ் பேரி அதை நீரில் இறக்கிவிட, கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவினுடையது போன்ற துண்டித்த தலை ஒரு பாத்திரத்திலிருந்து வெளிப்பட, பின்வந்தவர்கள் அது ஒரு தலையோடு நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். நூற்றிரண்டு வயது மூதாட்டி ஒருத்தி, முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், எட்னா புக்கானன் தம் சொந்த நாவல்களிலிருந்து அழைத்துவரும் பெண் நிருபர் என்று, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். எல்மோர் லெனர்ட் பன்னிரண்டாவதாக எழுதி நகர்ந்துகொள்ள, மூட்டை முழுவதும் கார்ல் ஹயாசன் தோளில் இறங்குகிறது.

லண்டன்காரர்கள் ஒட்டுத் தெரியாமல் தைக்க முயன்றார்கள். மியாமிக்காரர்களோ ஒட்டு தெரிவதையே வேடிக்கையாக்கினார்கள். கொலைகாரனைத் தேடி இந்நூலைப் புரட்டுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அன்பர்கள், அத்தியாயத்தின் தலைப்பிலுள்ள ஆசிரியர் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு நான்கு பக்கம் வாசித்து, எழுதியவர் யாரென்று ஊகித்துப் பார்க்கலாம்; துப்பறிவதற்கு அதில் அதுதான் இருக்கிறது.