1.77 என்ற எண்ணும் ஒரு விமானமும்



தங்கை மகன் தன் பழைய காரில் பெட்ரோல் முள் தாறுமாறாகக் குதிக்கிறது என்றான். காரில் அது எளிய சங்கதி. டேங்குக்குள் ஒரு மிதவை; அது ஏறி இறங்க, மின்தடையின் மேல் சிறு தகடு உரசிக்கொண்டே நகரும். தேய்ந்த இடம் வந்தால் முள் தவறும். மிதவையின் வயரைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்கும், அதை பாடியில் தொட்டால் மறு கோடிக்கும் போகிறதா என்று மெக்கானிக் பார்ப்பார். போனால் மீட்டர் நல்லது, கோளாறு டேங்கில்.

இதே தொல்லை ஒரு விமானத்துக்கு வந்தது. 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் புத்தம்புது போயிங் 767. மான்ட்ரியலில் கிளம்பி, ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டும்.

அதன் எரிபொருள் அளவைக் கணக்கிடும் பெட்டியில் இரண்டு தனித்தனிப் பாதைகள். ஒன்று கெட்டால் மற்றது பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டாம் பாதை முழுதாகச் சாகாமல் அரைகுறையாகக் கெட்டிருந்தது. அதனால் பெட்டி முதல் பாதைக்கு மாறவில்லை. மீட்டர்கள் எல்லாம் இருண்டுவிட்டன. எட்மன்டனில் ஒரு தொழில்நுட்பர் இதைக் கண்டுபிடித்தார். இரண்டாம் பாதையின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து அணைத்ததும் மீட்டர்கள் உயிர்பெற்றன. மாற்றுப் பெட்டி கையில் இல்லை. பிரேக்கரில் அடையாளச் சீட்டு ஒட்டிக் குறிப்பும் எழுதிவைத்தார். என் கணிப்பில் இந்தக் கதையிலேயே சிறந்த மூளை அவருடையதுதான்.

மான்ட்ரியலில் இன்னொருவர், சோதித்துப் பார்க்க அதே பிரேக்கரை உள்ளே தள்ளினார். மீட்டர்கள் அணைந்தன. அதற்குள் கவனம் வேறுபக்கம் போக, பிரேக்கர் அப்படியே நின்றுவிட்டது. சீட்டு மட்டும் தொங்கியது!

சரி, இறக்கைக்கு அடியிலுள்ள அளவுக்குச்சியால் பார்ப்போம் என்றார்கள். டேங்கில் 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க வேண்டும். கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஏர் கனடாவின் மற்ற விமானங்கள் பவுண்டில் ஓட, 767 மட்டும் கிலோவில். சீட்டில் இருந்த எண் 1.77. அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பது. கிலோவுக்கு வேண்டியது சுமார் 0.8.

நீங்களும் தாளில் போட்டுப் பாருங்கள். 7,682 × 1.77 = 13,597. இதைக் கிலோ என்று நம்பி, மீதிக்கு 4,917 லிட்டர் ஊற்றினார்கள். ஊற்றியிருக்க வேண்டியது சுமார் 20,000 லிட்டர். அலகு எழுதாத விடைக்கு நான் அரை மதிப்பெண் குறைத்ததற்கு அன்று முணுமுணுத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள், தெரியும். ஒட்டாவாவிலும் குச்சியால் அளந்தார்கள். பெருக்கியது மறுபடி அதே 1.77. முன்பெல்லாம் இந்தக் கணக்கு மூன்றாவது ஆளான விமானப் பொறியாளரின் வேலை. 767இல் அந்த இருக்கையே கிடையாது. வேலை யாருடையது என்று தெளிவாகச் சொல்லவும் இல்லை.

41,000 அடி உயரத்தில் முதலில் பம்பு எச்சரிக்கை ஒலித்தது. பிறகு ஒரு இன்ஜின் நின்றது, அடுத்து மற்றதும். உள்ளே 69 உயிர்கள். காற்றில் சுழலும் சிறு விசிறி ஒன்று மட்டும் கட்டுப்பாட்டுக்குச் சக்தி தந்தது. தலைமை விமானி ராபர்ட் பியர்சன் ஓய்வு நேரத்தில் கிளைடர் ஓட்டியவர். துணை விமானி மோரிஸ் கின்டால் முன்பு வேலைபார்த்த கிம்லி விமானப்படைத் தளம் பக்கத்தில் இருந்தது. அங்கே ஓடுபாதை கார் பந்தயத் தடமாகிவிட்டது இருவருக்கும் தெரியாது. அன்று குடும்பங்கள் கூடியிருந்தன, சைக்கிளில் பிள்ளைகள் வேறு! உயரம் அதிகமாக இருக்கவே, கிளைடரைப் போல விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து இறக்கினார் பியர்சன். முன் சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் உராய்ந்து நின்றது. பின்வழிச் சறுக்கில் இறங்கியபோது சிலருக்குச் சிராய்ப்பு, உயிர்ச்சேதம் இல்லை.

பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஒரு கம்பிச்சுருளின் சால்டரிங் சரியாக உருகிப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் கோளாறு. விமானத்தைப் பழுதுபார்த்தார்கள், 2008 வரை பறந்தது.